பகலில் தூங்குகிறவர் இருக்கிற வீடு

ஊர் எழும்புகிற நேரத்தில் படுக்கப் போகிற ஆள் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார், என் கணவர். இவருக்குச் சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, புட்டோ பாணோ சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் பின்னேரம் மூன்று மணி வரைக்குமாவது தூங்க வேண்டும். அந்த நேரம் முழுக்க நான் முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பேன். நடுக்கூடத்தில் மாமி ரீவி பார்ப்பார். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுக்கும் அமைதி வேண்டும், அவளுடைய போனுக்கு மட்டும் வேண்டாம்.

வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், நிலாவெளி வீதியிலிருந்து ஒழுங்கையால் கொஞ்சம் உள்ளே. மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதி, வீதி அமைதியில்லை. வான், பஸ், வாடகை ஸ்கூட்டர், சனி ஞாயிறு இரவில் கடற்கரைப் பக்கமிருந்து வரும் பாட்டு. மழைக்காலத்தில் இது எல்லாம் அடங்கிவிடும், அப்போது கடல் இரையும்.

"உங்கட வீட்டில எப்பிடி அண்ணை பகலில நித்திரை கொள்ளுறார்?" என்று பிளவுஸ் தைக்க வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு விஷயம். வீட்டுச் சத்தம் குறைக்க யூடியூபில் காட்டுகிற வழிகள் அநேகமாகக் குளிர் நாட்டுக்காரருடையவை. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடு, கதவு விளிம்பெல்லாம் அடை, சுவருக்குள் பஞ்சு வை என்பார்கள். கச்சான் என்கிற சூடான தென்மேல் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் திருகோணமலையில் யன்னலைப் பூட்டிக்கொண்டு படுத்துப் பார்க்கட்டும். எங்கள் வீடுகளில் கதவுக்கு மேலேயும் காற்றுக்கு ஓட்டை வைத்துத்தான் கட்டுகிறோம். காற்று வருகிற வழியால் சத்தமும் வரும். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் யன்னல் திறந்திருந்தால் அந்தச் சுவரால் பெரிய பலன் இல்லை. ஆகவே வெளிச் சத்தத்தைச் சுவரில் மறிக்கிற யோசனையை நான் ஆரம்பத்திலேயே விட்டுவிட்டேன். காசு போட வேண்டிய இடம் வீட்டுக்குள்ளே, சத்தம் பிறக்கிற இடத்தில்.

இதை எனக்குக் காட்டித்தந்தது 2022. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. பெற்றோலும் இல்லாததால் வீதியிலும் வாகனம் குறைவு. எரிச்சலான காலம்தான், ஆனால் காது நன்றாகத் திறந்திருந்த காலம். கரண்ட் வந்த அடுத்த நிமிடம் வீதியில் ஒரு வாகனமும் இல்லாமலே வீடு உறுமத் தொடங்கும். பிரிட்ஜ், இரண்டு பேன், தண்ணி மோட்டர், என் தையல் மெஷின், மாமியின் ரீவி. அதுவரை இவர் நித்திரை குழம்பினால் நிலாவெளி வீதியைத்தான் திட்டுவோம்.

பேனிலிருந்து தொடங்கினோம். இவருடைய அறைப் பேன் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். எண்ணெய் விட்டால் சரி என்று பலர் சொல்வார்கள். சத்தம் அங்கே இருந்து வருவது குறைவு. மெயினை நிறுத்திவிட்டு, மேசை மேல் ஏறி, தண்டின் உச்சியில் இருக்கிற பிளாஸ்ரிக் மூடியைக் கீழே இறக்கிப் பாருங்கள். பேன் கொக்கியில் தொங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். எங்களுடையது கல்லாக இறுகி, நடுவில் பிளந்திருந்தது. பேனின் நடுக்கம் நேரே கொக்கிக்கும், கொக்கியிலிருந்து வளை மரத்துக்கும், அங்கிருந்து சீலிங் பலகைக்கும் போகிறது. பிறகு முழுச் சீலிங்கும் சத்தம் போடும். புது ரப்பர் இரும்புக்கடையில் வாங்கியது, ஒரு பிளேன்ரீயின் விலைக்கு மேல் பெரிதாக இல்லை. மாற்றும்போது போல்டுக்குள் செருகியிருக்கிற சின்னப் பிளவு ஊசியைத் திரும்ப மறக்காமல் போட்டு, நுனிகளை விரித்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் நட் மெல்லமெல்லக் கழன்று பேன் தலையில்தான் விழும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் கரண்ட் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிடுவதுதான் நல்லது.

அதோடு இறக்கை ஆணிகள். உப்புக் காற்று எங்கள் பக்கம் ஒரு இரும்பையும் விட்டு வைக்காது. துரு பிடித்த ஆணி இறுகின மாதிரித் தெரியும், கையால் அசைத்தால் ஆடும். மாற்றின பிறகும் ஆட்டம் இருந்தால், ஒரு கம்பை நிறுத்திப் பிடித்து ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் அதில் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும். அதை மெதுவாக நிமிர்த்தலாம்.

பேன் மெல்லச் சுற்றும்போது மட்டும் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? அப்போது குற்றம் ரெகுலேற்றரில். திருகத் திருகக் கூடிக் குறைகிற விலை குறைந்த மின்னணு ரெகுலேற்றர்கள் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அதற்குத்தான் மோட்டர் முனகுகிறது. 1, 2, 3 என்று படிப்படியாக நிற்கிற கப்பாசிற்றர் வகையில் அந்த முனகல் இல்லை.

ஆனால் பேனை முற்றாக அமைதியாக்கப் போகாதீர்கள். காற்று வீசுகிற அந்த 'ஸ்' என்ற சத்தம் இவருக்கு நல்லது. 'டிக்' போய், ரெகுலேற்றர் முனகலும் போன பிறகு, ஒழுங்கையில் போகிற மோட்டார் சைக்கிள் கோர்ன் முன்னையை விடத் துலக்கமாகக் கேட்கத் தொடங்கியது. பின்னணி குறைந்தால் திடீர்ச் சத்தம் எடுத்துக்காட்டும். தூக்கத்தைக் கலைப்பதும் திடீர்ச் சத்தம்தானே. ஆகவே தலைமாட்டுக்குப் பக்கத்தில் பழைய ஸ்ராண்ட் பேன் ஒன்றைச் சுவரைப் பார்க்க வைத்து ஓட விட்டோம். ஒரே சீரான சத்தம், அதற்குள் மற்றவை அமுங்கிப்போகும். மாரியில் அந்த வேலையைக் கடல் இலவசமாகச் செய்கிறது.

அடுத்தது தண்ணி மோட்டர். கிணற்றடியில் இருந்தது, ஆனால் அதன் சீமெந்துத் திட்டு இவருடைய அறைச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. பைப்பும் அதே சுவரில் கிளிப் அடித்து ஏறுகிறது. மோட்டரைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க மேசன், பிளம்பர், சீமெந்து என்று செலவு ஏறும். அதற்குப் பதில் ரயர் கடையில் பழைய லொறி ரயர் துண்டு நான்கு வாங்கி மோட்டரின் காலுக்குக் கீழே கொடுத்தோம். மோட்டரிலிருந்து வெளியே வரும் முதல் முழ நீளப் பிவிசி பைப்பை வெட்டி, அந்த இடத்தில் தடித்த ரப்பர் ஹோசைக் கிளிப் போட்டு இறுக்கினோம். நடுக்கம் அந்த ஹோசிலேயே நின்றுவிடுகிறது. சுவர்க் கிளிப்புகளுக்குள் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றினோம். இப்போது மோட்டர் ஓடுவது அறைக்குள் கேட்கும், சுவர் நடுங்காது. அதற்கும் மேலே ஒரு காசு செலவில்லாத வழி: இவர் எழும்பின பிறகுதான் மோட்டர் போடுவது. தாங்கி பெரிதாக இருந்தால் இது முடியும்.

இனி என் மெஷின். நான் வைத்திருப்பது கார்மென்ட் ஆலை ஒன்று மூடினபோது விற்ற பழைய ஜூக்கி வகை. அதோடு வந்தது கிளச் மோட்டர். கார்மென்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: சுவிட்சைப் போட்டால் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், பெடலை மிதித்தால் கிளச் பிடித்து மெஷினைச் சுற்றும். துணி வெட்டுகிற நேரம், நூல் கோக்கிற நேரம், வந்தவர்களோடு அளவு பேசுகிற நேரம் எல்லாம் ஊங்காரம். இந்த முழு வேலையிலும் எனக்குக் கை கடித்த ஒரே செலவு அதைக் கழற்றிச் சேர்வோ மோட்டர் போட்டதுதான். சேர்வோ பெடலை மிதித்தால் மட்டும் ஓடும். விட்டால் நிற்கும், ஒரு மூச்சும் இல்லை. கரண்ட் பில்லும் இறங்கியது. வீட்டில் தைக்கிறவர்கள் சீட்டுக்காசு வந்தால் முதலில் இதைச் செய்யுங்கள் என்று சொல்வேன்.

மிச்சச் சத்தம் மேசையில். பலகை மேசையின் நான்கு காலும் சீமெந்துத் தரையில் நேரே நின்றால், ஊசி குத்துகிற ஒவ்வொரு குத்தும் தரையால் அடுத்த அறைக்குப் போகும். தேய்ந்த பாட்டாச் செருப்பின் குதிப்பக்கத்தை வட்டமாக வெட்டி, காலுக்கு இரண்டு அடுக்காக வைத்தேன். மேசை லாச்சி வெறுமையாக இருந்தபோது தவில் அடித்தது. அதற்குள் வெட்டுத்துணி அடைத்ததும் நின்றுவிட்டது. மெஷின் தலை மேசையில் உட்காருகிற மூலைகளில் ரப்பர் அண்டைகள் இருக்கும், எண்ணெய் பட்டு அவை ஊதிக் கரைந்துபோகும். அவற்றை மாற்ற வேண்டும் என்று எனக்கு எந்தத் திருத்தகரும் சொன்னதில்லை, நானே கண்டுபிடித்தேன்.

அதே செருப்பு ரப்பர் கதிரைக் கால்களுக்கும் போயிருக்கிறது. கிரைண்டருக்குக் கீழே நாலாக மடித்த பழைய துவாய். பிரிட்ஜ் சரிந்து நின்றதால் அதிர்ந்தது, முன் காலைத் திருகி மட்டம் பார்த்ததும் பாதி அடங்கியது.

ரீவிதான் வீட்டிலேயே கடினமான விஷயம், ஏனென்றால் அது இயந்திரம் சம்பந்தப்பட்டது இல்லை, மாமி சம்பந்தப்பட்டது. "கொஞ்சம் குறையுங்கோ மாமி" என்று நான் சொன்னால் அவர் குறைப்பார். பிறகு ரீவியையே நிறுத்திவிட்டு வாசலில் போய் இருப்பார். அதை விடச் சத்தமே நல்லது. யோசித்துப் பார்த்தால் பிழை மாமியில் இல்லை. தட்டையான ரீவிகளுக்கு ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்திருக்கும். பேச்சு சுவரில் பட்டுத்தான் ஆளிடம் வரும். மாமியின் சாய்மனைக் கதிரையோ அறையின் மறுகரையில். மகளின் பழைய கம்பியூட்டர் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்றை நீள வயர் போட்டு ரீவியில் செருகி, மாமியின் கதிரைக்குப் பக்கத்துச் ஸ்ரூலில், காது உயரத்தில் வைத்தோம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கிற அலகு) கூடும் என்பது கணக்கு. வீட்டுக்குள் அவ்வளவு இராது, ஆனாலும் போதும். "என்ன பிள்ளை, இப்பதான் அவள் என்ன சொல்லுறாள் எண்டு விளங்குது" என்றார் மாமி. அவரே ரிமோட்டை எடுத்துக் குறைத்தார். பிறகு காது கிளினிக்குக் கூட்டிப்போனதில் ஒரு காதில் அழுக்கு இறுகி அடைத்திருந்தது தெரிந்தது. வயதானவர்கள் சத்தமாக வைத்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ரீவிக்கும் இவருடைய அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ரீவி இருந்த பக்கத்தை மாற்றினோம். அறைக்குள் அந்தச் சுவரோடு துணி நிரம்பிய அலுமாரியை நகர்த்தினோம். கட்டில் மறுபக்கச் சுவருக்குப் போனது. கூலி இல்லை, முதுகு நோவு மட்டும்.

தையல்காரிக்குத் துணி மிச்சம் எப்போதும் இருக்கும், ஆகவே திரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். திரை வீதிச் சத்தத்தை மறிக்காது. சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும், இடைவெளி இல்லாமலும் இருக்க வேண்டும். சுவரின் பாரம் இரண்டு மடங்கானால்தான் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும்; காதுக்குப் பாதியாகத் தெரிய 10 குறைய வேண்டும். துணி எங்கே அந்தப் பாரத்துக்குப் போவது? முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்களும் இதில்தான் ஏமாறுகிறார்கள். துணி செய்வது வேறு வேலை: வெறும் சீமெந்துத் தரை, வெறும் சுவர், இரண்டு கதிரை மட்டும் உள்ள கூடத்தில் சத்தம் பட்டுப் பட்டுத் திரும்புமே, அதைக் குடித்துவிடும். வெட்டுத்துணியை உள்ளே வைத்து மெத்தையாகத் தைத்து, கூடத்தின் ஒரு சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்டி விழுந்தால் இப்போது ஒரு சத்தம்தான், அதன் பேரப்பிள்ளைகள் வருவதில்லை.

கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு மணல் பாம்பு தைத்தேன். ஜீன்ஸ் காலை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி, உள்ளே மணல். கடற்கரை பக்கத்தில்தானே என்று அங்கே அள்ளினால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, மாரியில் பாம்பு நனைந்து கிடக்கும். கதவின் அடியும் ஊதும். கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணலை அரித்துக் காயவைத்துப் போட்டேன். கச்சானுக்குக் கதவு 'படார்' என்று அடிக்காமல் இருக்க, இரண்டு பக்கக் கைபிடியிலும் மாட்டுகிற மாதிரி ஒரு பட்டை தைத்துவிட்டால் தாழ்ப்பாளை மூடிக்கொண்டு நிற்கும். இதை நான் இப்போது வாடிக்கைக்காரருக்கும் விற்கிறேன்.

முன் விறாந்தைக்கு மேலே தகரம். மழை பெய்தால் போனில் பேச முடியாது. மாங்காய் விழுந்தால் இவர் கட்டிலில் எழும்பி உட்காருவார். கச்சான் காலத்தில் தகரம் தானாகவே கடகடக்கும். கடகடப்புக்குக் காரணம் கொக்கி ஆணிகளுக்குக் கீழே இருந்த வாசர் வெயிலில் உக்கிப்போனது. புது வாசர் போட்டு இறுக்கினதோடு முடிந்தது. மழைக்கும் மாங்காய்க்கும் பழைய வைத்தியம்தான்: தகரத்துக்கு மேலே பின்னின தென்னோலைக் கிடுகு. காற்றுக்குப் பறக்காமல் குறுக்கே தடி வைத்துக் கம்பியால் கட்ட வேண்டும், உக்கும்போது மாற்ற வேண்டும், அடுப்புப் பொறி பறக்கிற குசினிப் பக்கம் போடக் கூடாது. வெயில் நேரத்தில் விறாந்தை குளிர்ந்தும் இருக்கும். வீட்டின் பெரிய கூரை அஸ்பெஸ்டஸ் சீற். அதை நாங்கள் தொடவில்லை. துளைக்கவும், வெட்டவும், சுரண்டவும் போனால் வருகிற தூசு நுரையீரலுக்குக் கூடாது. சத்தத்துக்குப் பயந்து அந்த வினையை வாங்கக் கூடாது.

வெளிச் சத்தத்தில் நாங்கள் செய்ததெல்லாம் வாயால் செய்ததுதான். சட்டம் இல்லாமல் இல்லை. 1996 சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி எங்களைப் போன்ற பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று எல்லை இருக்கிறது. 2007 இல் உயர் நீதிமன்றம் இரவு 10 தொடக்கம் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் நான் வாழப்போவது இந்த ஒழுங்கையில், கோயில் திருவிழாவும் எங்களுடையது. ஒலிபெருக்கி கட்ட வந்த தம்பியிடம் பிளேன்ரீ கொடுத்து, "இந்தக் கோர்னை வீதிப் பக்கம் திருப்பிக் கட்டுங்கோ, இங்க இரவு வேலைக்காரர் ஒராள் இருக்கிறார்" என்றேன். புனல் மாதிரியான அந்தக் கோர்ன் ஒலிபெருக்கி பார்க்கிற திசைக்குத்தான் கத்தும். கால் வட்டம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற ஓட்டோக்காரரிடமும் பேசினோம். அவர் வருவது இரண்டரைக்கு, இவருடைய கடைசி அரை மணித்தியாலத்தில். எங்கள் படலைக்கு முன்னால் பாட்டை நிறுத்திவிட்டு வருகிறார், நான் வாசலில் நின்று மாலுபாண் (மீன் பணிஸ்) வாங்குகிறேன். அவருக்கு வியாபாரம் குறையவில்லை.

போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்று போட்டு முன்னும் பின்னும் பார்த்தேன். அந்த எண்ணை நம்பி யாருடனும் சண்டைக்குப் போக முடியாது, ஒப்பிடத்தான் உதவும். படுக்கையறைக்கு 30 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யன்னல் திறந்த அலஸ்தோட்டத்தில் அது நடக்காது. இவர் மூன்று மணிவரை தூங்குகிறார், எனக்கு அது போதும்.

வழி பிடிபடாமல் மிச்சமிருப்பது குரங்கு. மாங்காய்க் காலத்தில் கூட்டமாக வந்து அஸ்பெஸ்டஸ் கூரையில் குதிக்கும். மாமரக் கொப்பைக் கூரையிலிருந்து தள்ளி வெட்டினோம், மதிலால் ஏறுகின்றன. பின் வீட்டு அண்ணர் யானை வெடி வாங்கி வைத்திருக்கிறார். குரங்கு வந்த அன்று இவர் எழும்பியது குரங்குக்கு இல்லை, அந்த வெடிக்கு. இப்போது அண்ணரோடும் ஒருநாள் மாலுபாண் கொண்டுபோய்ப் பேச வேண்டியிருக்கிறது.